துரைக்கும் ஒரு கயிறு

பழவேற்காட்டு டச்சுக் கோட்டையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி இருசப்பன், பேசிப் பேசியே ஓய்ந்துபோன மனுஷன். நெசவாளர்கள் துணி தரவில்லை என்று அவர்களை முற்றத்தில் நிறுத்திவைத்து, கோட்டைத் தலைவரான பெரிய துரை, இங்கிலீஷ்கார குமாஸ்தா தன் மொழியில் எழுதிவைத்த ஒப்பந்தத்தை இருசப்பனிடம் நீட்டினார்.

"இவர்களை 'பைண்டு' என்று எழுதியிருக்கிறதே, டச்சில் என்ன?"

"டச்சில் அதற்கு இரண்டு சொல். 'பிண்டன்' என்றால் கயிற்றால் கட்டுவது, துரை. 'ஃபெர்ப்ளிக்டன்' என்றால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவது. இங்கே இரண்டாவதுதான்."

"இல்லை, கயிறுதான்! தூணில் கட்டு!"

இருசப்பன் பெருமூச்சு விட்டார். கயிற்றை எடுத்துக்கொண்டு துரையிடமே வந்தார்.

"கையை நீட்டுங்க, துரை. மாசிக்குள் நூல் கொடுக்கத் தாங்களும் 'பைண்டு' என்று முதல் வரியே சொல்கிறது. பங்குனியும் போயிற்று, நூலைக் காணோம். நூலில்லாமல் எதை நெய்வார்கள்?"

துரை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இரண்டாவது அர்த்தமே இருக்கட்டும்."

நெசவாளர்கள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். "நாளைக்கு எந்த வார்த்தையோ" என்று முனகியபடி இருசப்பன் படியில் உட்கார்ந்தார்.