எரிந்த சரிவுக்குத் தண்ணீர்

கூடம்பாறை என்ற மலையூரில் மொத்தம் நாற்பது வீடுகள். அவற்றுக்கு மேலே, சோலைக்காடு தொடங்கும் இடத்தில், செண்பகவல்லி அம்மையாரின் தகரக்கூரை ஆசிரமம். அதையும் தாண்டி ஓர் ஒற்றை அறைக் குடில். அதில் அம்மையாரின் சீடர் சடகோபன் இருந்தார்.

சீடருக்கு வயது அறுபத்தைந்து. குருவுக்கு நாற்பத்து நான்கு. சடகோபன் கரூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கோதை இறந்தபின் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மலையேறினார். மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் காலையில் காபிக்கு இரண்டு டம்ளர் எடுப்பார். பிறகு ஒன்றைத் திரும்ப வைப்பார்.

"விடுறது எப்படி அம்மா?" என்று ஒருநாள் குருவிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியலையே ஐயா. நானே இன்னும் விட்டு முடிக்கல."

சடகோபனுக்கு அது பதிலாகப் படவில்லை. தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

அப்போது பங்குனி. மூன்று மாதமாக மழை இல்லை. சரிவில் இடுப்பளவு நின்ற புல், தொட்டால் ஒடிந்தது. மாசியிலேயே ஊரார் ஒன்றுகூடி, குடிலுக்கும் அப்பால், ஊருக்கும் காட்டுக்கும் நடுவே பன்னிரண்டடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீக்கோடு போட்டிருந்தார்கள். சடகோபனும் மண்வெட்டி பிடித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அதுவும் அவருக்குத் தெரியும்.

தெரிந்தும் ஒரு முற்பகலில் தீக்கோட்டைத் தாண்டிப் பாறை மறைவுக்குப் போனார். ஒரு கையில் தண்ணீர்க் குடம், மறு கையில் மஞ்சள் பை. அதில் கோதையின் கூறைப்புடவை, மூக்குக்கண்ணாடிக் கூடு, சமையல் குறிப்பு எழுதிய நோட்டு. பாறைமேல் வைத்துக் கொளுத்தினார். எரிந்து முடியும்வரை நின்றார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். புகை அடங்கியது. அழுகை வருமென்று நினைத்தார், வரவில்லை. குடிலுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் காற்று எழுந்தது.

கூச்சல் கேட்டு அவர் வெளியே வந்தபோது சரிவு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. மூங்கில் வெடிக்கும் சத்தம் வேட்டுப் போட்டதுபோலக் கேட்டது. காட்டுமாடுகள் கூட்டமாக பீன்ஸ் தோட்டங்களை மிதித்துக்கொண்டு ஓடின. ஆண்களும் பெண்களும் பச்சைத் தழைகளை ஒடித்து வந்து வரிசையாக நின்று தீயை அடித்தார்கள். சடகோபனும் அடித்தார். உள்ளங்கை கொப்புளித்தது. பொழுது சாயும் நேரத்தில் தீ, கோட்டின்மேல் வந்து நின்று அணைந்தது.

மனித உயிர் எதுவும் போகவில்லை. மறுநாள் சரிவில் ஒரு காட்டுமாட்டுக் கன்று கருகிக் கிடந்தது. குளம்பு வெந்த கடமான் ஒன்று நொண்டிக்கொண்டே பள்ளத்தில் இறங்கியது. அந்தப் பக்கத்து ஊற்றைச் சாம்பல் மூடிவிட்டது. அதனால் விலங்குகள் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்தன. பைப்படியில் குடம் வைத்திருந்த ஒரு பெண்ணைக் காட்டுமாடு துரத்தியதில், அவள் விழுந்து கை முறிந்தது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று அந்தச் சரிவில் மாடு மேய்த்தவன் குப்பாண்டி. பீடி குடிப்பவன். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

"நான் இல்லீங்க. அன்னிக்குப் பீடியே கையில இல்லீங்க," என்று ஊர்க்கூட்டத்தில் மூன்று தடவை சொன்னான். நான்காவது தடவை சொல்லவில்லை.

அவனோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவாயிற்று. டீக்கடையில் அவனுக்கு டீ கிடைக்கவில்லை. கூடப் பிறந்த தம்பியே சோற்றை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கூட்டத்தில் சடகோபனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொப்புளக் கைகளைப் பார்த்து, "சாமி எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டாரு பாருங்க," என்று ஒரு பெண் சொன்னாள். அவர் கைகளை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் குருவிடம் போனார். அம்மையார் பெரிய பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தீ வச்சது நான்தான் அம்மா."

அம்மையார் நிமிர்ந்தார். சடகோபன் எல்லாவற்றையும் சொன்னார். புடவையை, நோட்டை, ஒரு குடம் தண்ணீரை. சொல்லி முடித்ததும் தலைகுனிந்து நின்றார்.

அம்மையார் குழாயை மூடினார். இரண்டு கேன்களை அவர் பக்கம் தள்ளினார்.

"தூக்குங்க ஐயா."

எரிந்த சரிவின் மறுகோடியில் பழைய கல்தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் நின்றால் விலங்குகள் ஊருக்கு இறங்காது. அரைமணி நேர நடை. கால் வைக்கும் இடமெல்லாம் சாம்பல் பறந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. சடகோபன் தினமும் நான்கு நடை நடந்தார். தோள் வீங்கியது.

ஆறாம் நாள் கேட்டார். "இதுதான் எனக்குப் பிராயச்சித்தமா அம்மா?"

"இது மாட்டுக்குத் தண்ணி."

"என் பாவம் கழியுமா?"

"அதுங்களுக்குத் தாகம் கழியும்."

"குப்பாண்டிக்கு நான் என்ன பண்ணணும்?"

அம்மையார் குனிந்தார். தம் கேன்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் சடகோபன் தொட்டியை அடைந்தபோது அங்கே ஏற்கெனவே ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குப்பாண்டி. பள்ளத்து ஓடையிலிருந்து குடத்தில் சுமந்து வந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. சடகோபனைக் கண்டதும் ஒதுங்கி நின்றான்.

"நீ ஏன்பா சுமக்கிறே?" என்றார் சடகோபன்.

குப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு வாரமாச்சு சாமி, ஒரு மனுசன் எங்கிட்டப் பேசி."

சடகோபன் கேனைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க," என்றான் குப்பாண்டி. "எல்லாரும் சொல்றதக் கேட்டுக் கேட்டு, நாந்தான் வச்சேனோன்னு எனக்கே தோணுது. பீடி இருந்துச்சோ? குடிச்சுட்டு மறந்துட்டனோ? அந்தக் கன்னுக்குட்டி கண்ணுக்குள்ளயே நிக்குது சாமி. அதான் தண்ணி ஊத்தறேன்."

சடகோபன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ வைக்கல குப்பாண்டி. நான் வச்சேன்."

குப்பாண்டி அவரையே பார்த்தான். அடிப்பான் என்று சடகோபன் நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"என்னத்தச் சாமி எரிச்சீங்க?"

"சம்சாரத்தோட புடவை. இறந்துட்டா."

குப்பாண்டி காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"ஊருல சொல்லுவீங்களா?"

"இப்பவே வா."

டீக்கடை முன்னால் நின்று சொன்னார். முதலில் ஒருவரும் நம்பவில்லை. குப்பாண்டியைக் காப்பாற்றச் சொல்கிறார் என்றார்கள். பாறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கருகிய கண்ணாடிக் கூட்டின் தகரம் அங்கேயே கிடந்தது. கை முறிந்த பெண்ணின் புருஷன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் காலடியில் எறிந்தான்.

ஊர் மறுபடியும் கூடியது. குருவுக்காக அவரை மலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் குடிலில் அடுப்பு எரியக் கூடாது, ஆசிரமத்தில்தான் சாப்பிட வேண்டும், ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபோது குப்பாண்டியும் மற்றவர்களோடு நடந்து போனான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நிற்கவில்லை.

அதன்பிறகு சடகோபன் தனியாகவே தண்ணீர் சுமந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மாலையில், தொட்டிக்குக் காட்டுமாடுகள் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தார். நின்று குடித்துவிட்டு, இருந்த சுவடு தெரியாமல் போயின.

அவர் குருவிடம் வந்து அமர்ந்தார். அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அம்மா. சொன்னா மனசு லேசாகும்னு நெனச்சேன்."

"ம்."

"ஆகல. முன்னாடி கோதை மட்டும்தான் இல்ல. இப்ப யாருமே இல்ல."

அம்மையார் கீரையைத் தட்டில் வைத்தார்.

"குப்பாண்டி அண்ணன் நேத்துச் சிரிச்சத நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாக்கறது? ஊருக்குள்ள போக முடியாதே."

"டீக்கடையில நின்னுட்டிருந்தாரு. யாரோ என்னமோ சொன்னாங்க. வாய்விட்டுச் சிரிச்சாரு," என்றார் அம்மையார். "நான் பாத்தேன்."

சடகோபன் தட்டைத் தம் பக்கம் இழுத்து, மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினார்.