முதுகில் அப்பிய சுண்ணாம்பு

பல்லியும் பனையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முதுகு ஒடிந்தவன் பத்தே நாளில் எழுந்து நடந்துவிடுவான். நம்பினால் நம்புங்கள்.

முதுகுத் தண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நறுக்கிகள் குடியிருந்தன. வேலை இல்லாதபோதெல்லாம் தூக்கம்தான். அடிபட்டால் உடம்பிலுள்ள சுண்ணாம்பு கசிந்து உள்ளே இறங்கும். அந்த வாடைக்கு அவை விழிக்கும். நசுங்கிய நரம்பிழைகளை மட்டும் நறுக்கி அள்ளும். தலையிலிருந்து தண்டு வழியே "போதும்" என்று சொல் வந்ததும் திரும்பப் படுத்துக்கொள்ளும். பிறகு புது இழை முளைக்கும்.

பனையேறி மாடக்கண்ணு ஒரு நாள் காலையில் உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்தான். கால் இரண்டும் அசையவில்லை. அவன் மனைவி சேர்மக்கனி பதறி ஓடிவந்தாள்.

மரத்திலிருந்த பல்லி சொன்னது: "அண்ணாச்சி, அசையாமக் கெடங்க. எனக்கும் வால் போயி வளந்ததுதான். அந்த நறுக்கிக பாட்டுக்கு வேலை பாக்கட்டும்."

"பத்து நாள் கெடந்தா அம்புட்டுப் பாளையும் சீவாமக் காஞ்சிரும், பதநீ வடியாது. அப்புறம் வருசம் முழுக்க என்னத்தத் திங்க?" என்றான் மாடக்கண்ணு.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவான். கூடத் தடவினால் கூட நேரம் தாங்கும். "ஏட்டி, அந்தச் சுண்ணாம்ப எடுத்து முதுகுல அப்பு. அதுக சீக்கிரம் வேலைய முடிக்கட்டும்."

"வேண்டாம்" என்றது பல்லி. சேர்மக்கனி எடுத்த சுண்ணாம்பைக் கீழே வைத்தாள். "சொன்னதச் செய்யி" என்று அவன் சீறினான். அவள் அவனைப் புரட்டி, தோல் கிழிந்த இடத்தில் அப்பினாள். பாவி மனுசன், அவசரத்துக்கே பிறந்தவன்.

உறங்கிக் கிடந்த நறுக்கிகள் அத்தனையும் விழித்துக்கொண்டன. நசுங்கியதை நறுக்கின. அது தீர்ந்ததும் நல்லதை நறுக்கின. இடுப்பு மரத்தது, மரப்பு விலாவரை ஏறியது. மாடக்கண்ணு பயந்துபோய், "போதும், போதும்" என்றான். அந்தச் சொல் இறங்கிப் போகும் இழையை அவை ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தன.

சேர்மக்கனி சுண்ணாம்பை வழித்து எறிந்தாள். பல்லி அவனுக்காக நாக்கைத் தட்டித் தட்டி, "ச்சு, ச்சு, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் அவன் காலில் விரலால் தட்டி, "தெரியுதா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் மனிதன் முதுகிலுள்ள நறுக்கிகளுக்கு நிறுத்தத் தெரியாமல் போனது, முதுகு ஒடிந்தவன் எழுந்து நடப்பதும் நின்றது. பல்லி முன்ஜாக்கிரதைக்காரி, தன் நறுக்கிகளுக்கு வாய்விட்டே போதும் சொல்லிவிடுகிறாள், வாலும் வளர்கிறது. பல்லி சொன்னதும் நாம் விரலால் தரையைத் தட்டுகிறோமே, அது சேர்மக்கனி அவன் காலில் தட்டிப் பார்த்த தட்டு.