தஸ்நேவிஸைப் பற்றி வந்த கடிதம்

புளோரா டீச்சரிடம் ஆங்கிலம் படித்தவர்களில் மூத்தவர் சவரிராயன். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது, டீச்சருக்கு முப்பத்தொன்று. கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் ஆட்களோடு அவரும் மாலை வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

தூத்துக்குடியில் மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கைபேசி வராத காலம் அது. கடற்கரைத் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கப்பலில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் பெண்கள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தெரியாத வார்த்தைகளைக் குத்துமதிப்பாகச் சொல்லிச் சமாளித்தது உறுத்தத் தொடங்கியதும் படிக்க வந்துவிட்டார்.

டீச்சர் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லமாட்டார். இரவலைப் பற்றிய 'பாரோ', 'லெண்டு' என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டபோது, அவருடைய பேனாவைக் கேட்டு வாங்கி வகுப்பு முடியும்வரை வைத்திருந்தார். கடைசியில், "இதுல வாங்கினது யாரு, கொடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருஷம் ஜூலை மாதம் ரெஜினாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவள் கணவர் தஸ்நேவிஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கடிதம் கம்பெனியிலிருந்து வந்திருந்தது.

முதல் வரியில் தஸ்நேவிஸின் பெயருக்குப் பக்கத்தில் 'டிசீஸ்டு' என்று இருந்தது. சவரிராயன் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டிசீஸ் என்றால் நோய். உடம்புக்கு முடியவில்லையாம் என்றார். அடுத்த வரியில் 'ரிமெயின்ஸ்' என்று வந்தது. 'ரிமெயின்' என்றால் தங்கியிருப்பது என்று படித்திருந்தார். வெளிநாட்டில் ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம் என்றார். ஊருக்கு அனுப்பவா, அங்கேயே வைத்துக்கொள்ளவா, ஏழு நாளில் தெரிவிக்கவும் என்று கடிதம் முடிந்தது. அதையும் சொன்னார்.

ரெஜினாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். முடியாத உடம்போடு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், நல்லாகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றாள். சவரிராயன் அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதி, தானே போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

கணவருக்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். வெறும் வயிற்றில் டீ குடிக்கக் கூடாது, ஊசிக்குப் பயந்து டாக்டரை ஏமாற்றக் கூடாது என்றெல்லாம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அதன் பிறகு தினமும் காலைப் பூசைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். விசாரித்தவர்களிடம், இப்போது தேவலையாக இருக்கும் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

இருபதாம் நாள், அதே கப்பலில் வேலை பார்த்த ஒருவர் தஸ்நேவிஸின் பையோடு வீட்டுக்கு வந்தார். ரெஜினாள் அவரை உட்காரச் சொன்னாள். இப்போது எப்படி இருக்கிறார், எழுந்து நடக்கிறாரா என்று கேட்டாள். அவர் உட்காரவில்லை, பையைக் கீழே வைக்கவும் இல்லை. தஸ்நேவிஸை அடக்கம் செய்து பதினோரு நாளாகியிருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து தந்தி வந்ததாகச் சொல்லித்தான் புதைத்தார்கள் என்றார்.

செய்தி கேட்டதும் சவரிராயன் அகராதியை எடுத்தார். நோய்ப்பட்டவருக்கு ஒரு வார்த்தை இருந்தது, காலமானவருக்கு இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. ஆனால் நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே டிசீஸ்டுதான். 'ரிமெயின்ஸ்' என்பதற்குச் சடலம் என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது.

ஒரு வாரம் அவர் மனு எழுத உட்காரவில்லை. எட்டாம் நாள் மாலை, எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் வந்து நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அந்த ரெண்டு வார்த்தையையும் எப்படி டீச்சர் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறது? ஏதாவது அடையாளம் இருக்கா?"

டீச்சர் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரெஜினாளிடம்தான் இருக்கிறது என்றார் சவரிராயன்.

"அதை யாராவது அவங்களுக்குச் சரியாப் படிச்சுக் காட்டினாங்களா?"

"இல்ல டீச்சர். செத்துட்டார்னு தெரிஞ்சப்புறம் யாரு படிக்கப் போறா?"

"நீங்க போய்ப் படிச்சிட்டு வாங்க, அண்ணாச்சி. அப்புறம் சொல்லித் தர்றேன்."

மறுநாள் போனார். ரெஜினாள் உள்ளே வரச் சொல்லவில்லை. எதற்கு வந்தேன் என்று அவர் சொன்னதும் கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். வாசல்படியில் நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்துப் பொருள் சொன்னார். காலமானார் என்றார். உடல் ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டிருக்கிறது என்றார். உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா, ஏழு நாளில் தெரிவிக்கவும் என்றார்.

அன்றைக்குத் தப்பாகப் படித்தது எந்த வார்த்தை என்று ரெஜினாள் கேட்டாள். அவர் காட்டினார். அவள் அதன் மேல் விரலை வைத்தாள்.

"அங்கேயே இருக்கட்டும்னு நான்தானே சொன்னேன்," என்றாள். "என் வாயாலதானே சொன்னேன். அதை நெனச்சு எனக்குச் சோறு இறங்கல."

"நீங்க பதில் சொன்னது நான் கேட்ட கேள்விக்குத்தாம்மா. கம்பெனிக்காரங்க கேட்டதை நான் உங்ககிட்ட கேட்கவே இல்ல."

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றார். வெயில் ஏறியிருந்தது. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் திரும்ப அவரிடம் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை படிங்க அண்ணாச்சி. அன்னைக்குப் படிச்சீங்கள்ல, அதே மாதிரி."

சவரிராயனுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும், வேண்டாம்மா என்றார். அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மாலை வகுப்பு முடியும்வரை சவரிராயன் கடைசி பெஞ்சில் இருந்தார். மற்றவர்கள் போனதும் டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, படித்தாரா என்று கேட்டார்.

"ரெண்டு தடவை படிச்சேன் டீச்சர். முதல்ல சரியா. அப்புறம் அவங்க கேட்டாங்கன்னு, அன்னைக்கு மாதிரி தப்பா."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் போனார்.

"உடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரியில இருக்கார்னு சொல்லணும். அவ்வளவுதான். அன்னைக்கு லேசா வந்துச்சு. இன்னைக்கு அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள..."

டீச்சர் சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

"அந்த ரெண்டும் இனிமே உங்களுக்குக் குழம்பாது, அண்ணாச்சி."