கொம்பன் கண் மூடிக் கேட்ட பாட்டு

ஒரு காட்டில் ஒரு கோபுரம் இருந்தது. கோயில் கோபுரம் என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. செல்போன் கோபுரம். அது வந்த நாளிலிருந்து அந்தக் காட்டில் யார் கையைப் பார்த்தாலும் போன், யார் காதைப் பார்த்தாலும் பாட்டு.

அங்கே சுழியன் என்று ஒரு குரங்கு இருந்தது. ஒரு கிளையில் உட்காரும்போதே அதற்கு அடுத்த கிளைமேல் கண் போய்விடும். பாட்டுக் கேட்பதிலும் அதே கதைதான். பல்லவி முடியாது, அடுத்த பாட்டு. அதில் முதல் வரி முடியாது, அதற்கும் அடுத்த பாட்டு. எல்லாம் நெட்டில் ஓடுகிற பாட்டுகள். ஒன்றைக்கூட அது போனில் இறக்கி வைத்துக்கொண்டதில்லை. ஒரு நாளைக்கு என்று கொடுக்கிற டேட்டா உச்சிவெயிலுக்குள் தீர்ந்துபோகும். பிறகு நள்ளிரவில் புது டேட்டா வரும்வரை வாலைக் கடித்துக்கொண்டு மரம் மரமாய் அலையும்.

சுழியன் குடியிருந்த மரத்தடியில் மூட்டை என்று ஒரு பெருச்சாளி. அதற்குக் கண்டதையெல்லாம் சேர்க்கிற புத்தி. பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு, கேட்கவே போகாத பாட்டு எல்லாவற்றையும் இறக்கி அடைத்து வைத்திருந்தது. பாவம், அதன் போனுக்கு மூச்சுவிடக்கூட இடமில்லை.

மரத்தின் மேல்கிளையில் நிதானி என்ற தேவாங்கு. ஒரு கையை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த கையை எடுக்கலாமா என்று யோசிக்கிற பிராணி அது. அதனிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதில் இருந்ததோ சில பாட்டுகள்தான்.

"உங்க பாட்டுக் கடை எப்ப அக்கா திறக்கும்?" என்று சுழியன் தினமும் கேலி செய்யும். நிதானி கேட்டுக்கொண்டே அடுத்த கையை எடுத்து வைக்கும்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஏரி இருந்தது. போவதற்கு வழி ஒன்றே ஒன்று, இடுக்குப்பாறை. அந்த இடுக்கில்தான் கொம்பன் நின்றுகொண்டிருக்கும்.

கொம்பன் ஒரு காலத்தில் கோயில் யானை. சாயங்காலம் நாதஸ்வரத்தில் ஒரு பாட்டு வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் அதற்குக் கவளம் ஊட்டுவார்கள். காட்டுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்த ருசி அதன் நாக்கைவிட்டுப் போகவில்லை. அந்தப் பாட்டு காதில் விழுந்தால் போதும், கவளம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சிலைபோல நிற்கும். பாட்டு நின்றால் மட்டும் எதிரில் யாரும் இருக்கக் கூடாது. இருந்தால் மிதிதான்.

அதனால் மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் யாராவது ஒருவர் அந்தப் பாட்டைப் போடுவார். அது முடிவதற்குள் மந்தை முழுவதும் இடுக்கைக் கடந்துவிட வேண்டும். போன கோடையில் போட்டது சுழியன். இந்த முறையும் மந்தைத் தலைவி புள்ளியம்மா காலையிலேயே அதைத் தேடி வந்தது.

"தம்பி, குட்டிங்களுக்கு நாக்கு வறண்டு கிடக்கு. என் குட்டி பூம்பொடிக்கு எழுந்து நிக்கவே தெம்பு இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் கடந்தே ஆகணும். பாட்டு இருக்குல்ல?"

"என்ன அத்தை, இப்படிக் கேட்டுட்டீங்க! உலகத்துல இருக்கிற பாட்டெல்லாம் நம்மகிட்டதான்!"

மேல்கிளையிலிருந்து நிதானி எட்டிப் பார்த்தது. "தம்பி, அந்த ஒரு பாட்டை மட்டுமாவது போன்ல இறக்கி வச்சுக்கோ."

"இடம் எங்க அக்கா இருக்கு? பூரா என் படம். குதிக்கிறப்ப எடுத்தது, தொங்குறப்ப எடுத்தது."

"ரெண்டு படத்தை அழிச்சா என்ன?"

"எதை அழிக்கிறது? எல்லாத்துலயும் நான் நல்லா இருக்கேனே!"

"சரி, இன்னிக்கு ஒரு நாளாவது டேட்டாவை மிச்சம் வை."

"வைக்கிறேன், வைக்கிறேன்" என்றது சுழியன்.

சொல்லத்தான் சொன்னது. கொஞ்ச நேரத்தில் விரல் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு பாட்டு என்று போட்டது. அது பிடிக்கவில்லை, இன்னொன்று. அதுவும் சரியில்லை, வேறொன்று. மந்தையோடு இடுக்குப்பாறைக்கு நடக்கிற வழியெல்லாம் இதே வேலை. 'இன்றைய டேட்டா தீரப் போகிறது' என்று போனில் ஓர் அறிவிப்பு வந்தது. பாட்டை மறைக்கிறதே என்று அதை விரலால் தள்ளிவிட்டது சுழியன். குரங்குப் புத்தியை என்னவென்று சொல்வது!

வெயில் தாழ்ந்தது. இடுக்கின் வாயில் மான்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன. ஒரு சருகு அசைந்தாலும் மந்தை முழுவதும் சிலிர்த்துக்கொண்டது. நிதானி புள்ளியம்மாவின் முதுகில் ஏறியிருந்தது. "நடந்து வந்தா அடுத்த கோடைக்குத்தான் வந்து சேருவேன் அக்கா" என்று அதுவே கேட்டு ஏறிக்கொண்டது. மூட்டையும் தண்ணீருக்காக மந்தையோடு வந்திருந்தது.

கொம்பனுக்கு மேலே ஓர் அத்திமரக் கிளை நீண்டிருந்தது. சுழியன் தாவிப்போய் அதில் உட்கார்ந்து பாட்டைப் போட்டது.

நாதஸ்வரம் எழுந்தது. கொம்பனின் கண் மெல்ல மூடியது.

அதே நேரத்தில் நிதானியும் தன் பட்டன் போனில் எதையோ அழுத்தியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மான்கள் ஒவ்வொன்றாகக் கொம்பனின் காலை உரசிக்கொண்டு கடந்தன. பாதி மந்தை போயிற்று. முக்கால் மந்தை போயிற்று. கடைசியில் பூம்பொடி தள்ளாடித் தள்ளாடி வந்தது. பின்னாலிருந்து புள்ளியம்மா அதை மூக்கால் தள்ளியது. குட்டி கொம்பனின் முன்னங்காலுக்கு அருகே வந்ததும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

பாட்டும் அப்போதுதான் நின்றது.

சுழியனின் போனில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"டேட்டா... டேட்டா தீர்ந்துடுச்சு!" என்றபடி சுழியன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

"எங்கிட்ட இருக்கு! எங்கிட்ட எல்லாப் பாட்டும் இருக்கு!" என்று கத்தியது மூட்டை. போனைத் திறந்து பாட்டுப் பட்டியலைத் தள்ளியது, தள்ளியது, இன்னும் தள்ளியது. பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன, வேண்டிய பாட்டு மட்டும் வரவில்லை. பாரம் தாங்காமல் போன் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

கொம்பனின் ஒரு கண் திறந்தது. முன்னங்கால் மேலே எழுந்தது. அதற்கு நேர் கீழே பூம்பொடி.

"ஐயோ, என் குட்டி!" என்று அலறியது புள்ளியம்மா.

மறுபடி நாதஸ்வரம் கேட்டது. முதலிலிருந்து இல்லை, விட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி. வாசிப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்ததுபோல் இருந்தது. கொம்பனுக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூக்கிய காலைக் குட்டிக்குப் பக்கத்து மண்ணில் மெதுவாக வைத்தது.

பாட்டு வந்தது நிதானியின் பட்டன் போனிலிருந்து.

புள்ளியம்மா குட்டியை முட்டி முட்டி எழுப்பியது. பூம்பொடி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. மூட்டை முன்னால் ஓடியது. அவை இடுக்கைவிட்டு வெளியே கால் வைக்கவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது.

ஏரிக்கரையில் பூம்பொடி தண்ணீரில் மூக்கை வைத்ததைப் பார்த்த பிறகுதான் புள்ளியம்மாவுக்கு உயிர் வந்தது.

"நிதானி, நீ ஒரு கையைத் தூக்கவே அரை நாள் ஆகுமே! அத்தனை சீக்கிரம் எப்படிப் போட்ட?"

"எங்க அக்கா சீக்கிரம் போட்டேன்? என் கை அவசரத்துக்கு உதவாதுன்னு எனக்குத் தெரியாதா? சுழியன் போட்டப்பவே நானும் சத்தத்தை அடக்கிட்டுப் போட்டுட்டேன். அவன் பாட்டு நின்னதும் சத்தத்தைக் கூட்ட மட்டும்தான் செஞ்சேன்."

"கிடைச்சுடுச்சு! அந்தப் பாட்டு கிடைச்சுடுச்சு!" என்று மூட்டை போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, சுழியன் எங்கே? அது இன்னும் அத்திமரத்தில்தான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் கொம்பன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. கவளம் வரவில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தது.

"கவளம் எங்கடா?"

"நா... நான் பாட்டு மட்டும்தான் போடுவேன் மாமா."

"அப்ப இன்னொரு தடவை போடு."

சுழியன் போனைப் பார்த்தது. அதில் குதிக்கிற சுழியன் இருந்தது, தொங்குகிற சுழியன் இருந்தது, பாட்டு இல்லை. கொம்பன் மரத்தில் முதுகைச் சாய்த்து ஓர் அழுத்து அழுத்தியது. கிளை கிடுகிடுத்தது. எட்டிப் பிடிக்கப் பக்கத்தில் வேறு கிளையும் இல்லை.

அசைந்தால் விழ வேண்டும், விழுந்தால் மிதிபட வேண்டும். நள்ளிரவில் டேட்டா வரும்வரை சுழியன் ஒரே கிளையில், ஒரே இடத்தில், வாலைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அது அப்படி உட்கார்ந்ததே இல்லை.

நீதி: ஆபத்துக்கு உதவ வேண்டியதை ஆகாயத்தை நம்பியும் விடாதே, குப்பையோடு குப்பையாகவும் போடாதே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்திரு.