செக்ரட்டரி போன காடு

கால உள்ள இழு மோனி. தூளிக்கு வெளிய கால நீட்டுனா காக்கா கொத்தும். மத்தியானம் ரெண்டு மணி, வெயில் மண்டையப் பொளக்குது, எனக்கு இன்னும் பதினெட்டு சட்டை தேய்க்கக் கெடக்கு. கண்ண மூடுனாத்தான் கதை. மூடிட்டியா? ஒரு கண்ணு தொறந்திருக்கு, அதையும் மூடு. நீ ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு செக்ரட்டரி. ராஜா இல்லடி. ராஜாவுக்கு நாடு இருக்கும், இவருக்கு நாப்பது வீட்டு அடுக்குமாடி, ஒரு லிஃப்ட்டு, ஒரு வாட்ச்மேன். ஆனா நடை மட்டும் ராஜா நடை. பேரு மகுடபதி.

"ம்."

அந்த அடுக்குமாடி கேட்டோரம் ஒரு புங்க மரம். அதுக்கு மூணு பெரிய கிளை. மரத்தடியில ஒரு இஸ்திரி வண்டி. வண்டிக்காரி பேரு அமுலு.

"அம்மா, உன் பேரும் அமுலு."

ஊர்ல ஒரே ஒரு அமுலுதான் இருக்காளா? குறுக்க பேசாத. அந்த அமுலுவுக்கு ஒரு கைப்புள்ள. அவ வீடு தகரக் கூரை, மத்தியானத்துல உள்ள நின்னா அப்பளம் பொரியும். வீட்ல பாத்துக்கவும் ஆளு இல்ல. அதனால அவ தன் பச்சைப் புடவையில, மாம்பழ பார்டர் போட்டது, அத மூணாவது கிளையில முடிச்சுப் போட்டு, புள்ளையத் தூளியில போட்டுட்டு, ஒரு கையால ஆட்டுவா, ஒரு கையால தேய்ப்பா.

ஒரு நா செக்ரட்டரி பால்கனியில நின்னு, "வசு, எனக்கு மூச்சு முட்டுது. இந்த ஊரே வெறும் சிமெண்ட்டு. பச்சைன்னு ஒண்ணு கண்ணுல படுதா சொல்லு"ன்னாராம். வசுங்கறது அவரு பொண்டாட்டி, வசுமதியம்மா. இப்படிச் சொல்றப்ப புங்க எல அவரு மூக்க உரசிக்கிட்டு நிக்குது. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவனுக்கு என்னத்தச் சொல்ல?

"ம்."

அப்புறம் ரெண்டு பேரும் புதுக் கார எடுத்துக்கிட்டுக் கடலோரம் போனாங்க. ஏசி ரூமு. வெளிய அலை தடால், தடால்னு அடிக்குதாம். செக்ரட்டரிக்குத் தூக்கம் வரலையாம். ஓட்டல்காரரக் கூப்ட்டு, "இத கொஞ்சம் கொறைக்க முடியாதா?"ன்னாராம். எத? கடல! வசுமதியம்மாவே துணி போட வந்தப்ப சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அவரு பேண்ட்டு பாக்கெட்ட அமுலு உதறுனா, சர்ர்ர்னு பெஞ்சு பூரா மணலு. அவரு அங்க இருந்து கொண்டாந்த கடல் அவ்வளவுதான்.

அப்போ, வந்து எறங்குன மனுசன் கார மரத்தடியில நிறுத்துனாரு. வெள்ளக் காரு. மேல இருந்து ஒரு காக்கா, பொத்!

"ஹிஹி."

சிரிக்காத, தூங்கு. இயற்கைய ரசிச்சுட்டு வந்தேன்னு வாய் கிழியப் பேசுனவரு, அந்த ஒரு சொட்டுக்குக் குதிச்ச குதி இருக்கே! மறுநாளே ரம்பக்காரன் வந்தான். கரகர, கரகர, மடார்! தெருப் பக்கத்துக் கிளை போச்சு. அமுலுவோட வண்டிக்கு இருந்த நெழலு போச்சு. அவ வண்டிய நாலடி உள்ள தள்ளிக்கிட்டா.

அப்புறம் ரெண்டு மாசங் கழிச்சு மறுபடியும் மூச்சு முட்டுச்சு. இப்ப மலை. அன்னிக்கு லீவு நாளு. இந்த ஊர்ல மூச்சு முட்டுன அத்தன பேரும் அதே மலைக்குக் கெளம்பிட்டாங்க. வளைவுக்கு வளைவு காரு, பாம் பாம் பாம்னு ஒரே ஹாரன். ஆறு மணி நேரம் நின்னாங்க. பின்னாடி கார்ல யாருன்னு பாத்தா, நம்ம மூணாவது மாடிக்காரங்க! இங்க லிஃப்ட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க, அங்க போயி கட்டிப் புடிச்சுக்கிட்டாங்களாம். ஒரு குரங்கு வந்து இவரு சட்டைப் பாக்கெட்டுல இருந்த சிப்ஸ இழுத்துச்சு, பர்ர்ர்! சட்டை கிழிஞ்சு வந்துச்சு. அமுலுதான் தேய்ச்சா. வாயி பொய் சொல்லும் மோனி, துணி சொல்லாது.

"ம்."

வந்து கார நிறுத்திட்டு மறுநா பாத்தா, அது மேல புங்கம்பூ பொரி கொட்டுன மாதிரி கெடக்கு. நாமளா இருந்தா ஒரு கை அள்ளி மோந்து பாப்போம். அவரு, "குப்ப! குப்ப!"ன்னு கத்துனாரு. கரகர, கரகர, மடார்! ரெண்டாவது கிளை போச்சு. அதுல ஒரு காக்கா கூடு இருந்துச்சு. ரெண்டு நாளு தாய்க்காக்கா கா, கான்னு வட்டமடிச்சுது. அமுலு அந்த ரெண்டு நாளும் மேல நிமிந்து பாக்கல.

இப்ப மரத்துக்கு மிச்சம் ஒரே கிளை. எது?

"தூளி."

ம், தூளிக் கிளை. சமத்து.

அப்புறம் மூணாவது தடவ. இப்பக் காடு. "நான் அடர் காட்டுக்குள்ள நடக்கப் போறேன்"ன்னு ஊருக்கே சொல்லிட்டுப் போனாரு. போன அன்னிக்கே மழை புடிச்சுக்கிச்சு. சோ சோன்னு கொட்டுது, பனி வேற மூடிக்கிச்சு, எதிர்ல நிக்கிற ஆளு தெரியல. ஜன்னலத் தொறந்தா அட்ட வருமாம், கொசு வருமாம். மூணு நாளும் ரூமுக்குள்ள செல்போன நோண்டிக்கிட்டுக் கெடந்தாரு. இது அமுலுவுக்கு எப்படித் தெரியும்ங்கற? காட்டுக்குன்னு அவ தேய்ச்சுக் குடுத்த பேண்ட்டு, பொட்டியிலயே கெடந்து ஈர வாடை அடிச்சு, அவ வெச்ச மடிப்பு கலையாமத் திரும்பி வந்துச்சு. காட்டுல நடந்தவன் பேண்ட்டுல மடிப்பு நிக்குமாடி?

"நிக்காது."

அந்த நேரம் பாத்து அடுக்குமாடி ஆண்டு விழா. போட்டோப் போட்டி வெச்சாங்க. இயற்கைய எடுத்த போட்டோவா இருக்கணுமாம். போட்டி வெச்சதே செக்ரட்டரி, அவரே போட்டோ தரலன்னா மானம் என்னாவறது? பொண்டாட்டி செல்போனத் துழாவுனாரு. அதுல ஒரு போட்டோ. பச்ச எலைக்கு நடுவுல ஒரு மஞ்சக்குருவி, அவ்வளவு அழகு. அந்தம்மா என்னிக்கோ பால்கனியில நின்னு இந்தப் புங்க மரத்துல எடுத்தது. அதத் தூக்கி, "அடர் காட்டில் ஆறு மணி நேரம் நடந்து நான் எடுத்தது"ன்னு குரூப்புல போட்டாரு பாரு! அண்டப் புளுகு, ஆகாசப் புளுகு.

"ம்..."

எல்லாரும் ஆகா, ஓகோ. மொதப் பரிசு யாருக்கு? அவருக்குத்தான். கதவு ஒசரத்துக்குப் பெருசாப் பிரிண்ட்டு போட்டு, சட்டம் போட்டு, கீழ கார் நிறுத்தற எடத்துல மாட்டுனாங்க. சாயங்காலம் நாற்காலி போட்டு எல்லாரும் உக்காந்தாங்க. செக்ரட்டரி மைக்கப் புடிச்சு, யானை வந்துச்சு, நான் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன்னு அளக்கறாரு. பேசி முடிச்சுட்டு, "அடுத்த தீர்மானம். கேட்டோரம் இருக்கற மரத்தால காரெல்லாம் அசிங்கமாவுது. நாளைக்குக் காலையில அடியோட வெட்டிடறோம். அந்த இஸ்திரிக்காரியக் கூப்டுங்க"ன்னாரு.

அமுலு போயி நின்னா. "நாளைக்கு ஆள் வருது, இன்னிக்கே வண்டிய எடுத்துடும்மா"ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

"உனக்கா?"

அவளுக்குடி! வண்டிக்குச் சக்கரம் இருக்கு, எங்க வேணா தள்ளிக்கிட்டுப் போலாம். புள்ளைய எங்க போடறது? ரோட்டோர வெயில்லயா? தகரத்துக்கு அடியிலயா? கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது. இவனுங்க முன்னாடி அழக் கூடாதுன்னு தலையத் தூக்குனா. தூக்குனா, எதிர்ல அந்தப் போட்டோ.

மஞ்சக்குருவி. எல. கிளை. அந்தக் கிளையில, ஓரத்துல, பச்சையா ஒண்ணு சுத்தியிருக்கு.

அப்போ ரெண்டாவது மாடி கஸ்தூரி டீச்சரும், ரிட்டயர் ஆனவங்க, அதையே உத்துப் பாத்துட்டு, "சார், கிளையில ஏதோ சுத்தியிருக்கே, என்ன அது?"ன்னு கேட்டாங்க. செக்ரட்டரி ஒரு நொடி முழிச்சுட்டு, "அதுவா மேடம்? அது ஒரு காட்டுக் கொடி. ரொம்ப அபூர்வம்"ன்னாரு.

அமுலு கேட்டா. "சார், உங்க காட்டுக் கொடிக்கு எப்படி சார் மாம்பழ பார்டர் வந்துச்சு? அது என் புடவை சார். எம் புள்ள தூளி முடிச்சு அது."

டீச்சரம்மா கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு எழுந்து கேட்டுப் பக்கம் நடந்தாங்க. அவங்க பின்னாடி ஒருத்தரு, ரெண்டு பேரு, அப்புறம் அத்தன பேரும். மரத்தடியில வந்து அண்ணாந்து பாத்தா, அதே கிளை, அதே முடிச்சு, அதே மாம்பழம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சா எத்தன நேரம் தாங்கும்? மொத மொத சிரிச்சது யாரு தெரியுமா? வசுமதியம்மா. முந்தானைய வாயில வெச்சு அமுக்கியும் அடங்கல.

டீச்சரம்மா சொன்னாங்க, "ஆறு மணி நேரம் நடந்து கண்டுபுடிச்ச காடு, சார். மொதப் பரிசு வேற குடுத்துட்டோம். அத நாளைக்கு வெட்டிடலாமா?"

"ம்..."

யாரும் கை தூக்கல. செக்ரட்டரிக்கு லிஃப்ட்டு வர்ற வரைக்கும் நிக்க முடியல. படியேறிப் போயிட்டாரு, தடதடன்னு. அன்னிக்குத்தான் வாழ்க்கையில நெசமா நடந்தாரு.

அப்புறம் திருந்திட்டாரான்னு கேளு. திருந்துவாரா? ஒரு வாரம் கழிச்சு ஒரு போர்டு செஞ்சு கொண்டாந்தாரு. "மரங்களை நேசிப்போம். இப்படிக்கு, செயலாளர்." எதுல அடிச்சாரு? மரத்துல! நாலு ஆணி. டங்கு, டங்கு, டங்கு, டங்கு. நேசிக்கற லட்சணம். மேல ரெண்டு ஆணி ஒழுங்கா எறங்கல, நீட்டிக்கிட்டு நிக்குது. போவட்டும், எனக்கு நல்லதாப் போச்சு. தேய்ச்ச சட்டைய அதுலதான் மாட்டறேன். அவரு சட்டைய மொதல்ல.

இப்ப "உனக்கா?"ன்னு கேக்கலியே நீ? மோனி? ம்மக் காணோம்.

தூங்கிட்டா கழுத. காலு மறுபடியும் வெளிய.

சரி. கதை கிளையில தங்குச்சு, புள்ள தூளியில தூங்குச்சு.

ஷ்ஷ்... செக்ரட்டரி சார்! வாட்ச்மேனக் கேட்டத் தொறக்கச் சொல்றேன், ஹாரன் அடிக்காதீங்க. காட்டுல புள்ள தூங்குது.