கடைப் பெயர் தெரியாதவர்கள்

ஊரே செல்போனுக்குள் குடிபோய்விட்ட காலத்தில், பவானியில் சென்னியப்பன் என்பவர் கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாராம். கடைக்கு வருகிற போனை எடுத்துப் பேசுவது பாவாயி என்ற பெண்ணின் வேலை.

போன் வருவது குறைந்ததும், கடையின் வெப்சைட்டைச் சரிசெய்ய நிரஞ்சன் என்ற நிபுணரை முதலாளி வரவழைத்தார். இரண்டு மாதம் கழித்து அவர் லேப்டாப்பைத் திறந்து, கடையின் பெயரைத் தட்டினார். கூகுளில் முதல் இடம்.

“இனி எல்லாரும் வெப்சைட்லயே பதிவு பண்ணிக்குவாங்க. போன் எடுக்க ஆள் எதுக்கு?” என்றார் நிரஞ்சன்.

“அப்ப நாளையிலிருந்து நீ வர வேண்டியதில்லை பாவாயி,” என்றார் சென்னியப்பன்.

“சரிங்க. ஆனா கடைப் பேரு தெரிஞ்சவங்க நேரா இங்கயே வந்துருவாங்களே. தெரியாதவங்க எதைத் தேடுவாங்க சார்?” என்று நிரஞ்சனிடம் கேட்டாள் பாவாயி.

“வெட் கிரைண்டர் சர்வீஸ் சொல்யூஷன்ஸ்,” என்றார் அவர்.

அந்நேரம் போன் அடித்தது. பாவாயி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க, கிரைண்டர் உறுமுது, கல்லு சுத்த மாட்டேங்குது,” என்றது ஒரு பெண்குரல்.

நாளைக் காலையிலேயே கடைக்கு வரச்சொல்லிப் போனை வைத்துவிட்டு, “இவங்க சொன்னதை அப்படியே தட்டுங்க சார்,” என்றாள்.

நிரஞ்சன் தட்டினார். எதிரே இருந்த இன்னொரு ரிப்பேர் கடை முதலில் வந்தது. மூன்று பக்கம் தள்ளியும் இந்தக் கடை வரவில்லை.

சென்னியப்பன் நிரஞ்சன் பக்கம் திரும்பினார். “சார், வெப்சைட்டுல எழுதறதுக்கு முன்னாடி, ஒரு வாரம் பாவாயி பக்கத்துல உட்கார்ந்து போன் எடுங்க.”

நிரஞ்சன் லேப்டாப்பை மூடினார். “எத்தனை மணிக்கு வரணும்?” என்று பாவாயியிடம் கேட்டார்.

“ஒன்பதுக்குங்க.”

தலையாட்டிவிட்டு நடந்தார்.