எழுபத்தொன்பதில் தடுமாறிய பச்சோந்தி

எல்லா உயிர்களுக்கும் பேசத் தெரிந்திருந்ததால் எந்த வேலையும் நேரத்துக்கு முடியாமலிருந்த அந்தக் காலத்தில், மரக்கிளையில் பச்சோந்தியைப் போல் நடக்க ஆள் கிடையாது. நூல் பிடித்தாற்போல் நேராக, விறுவிறுவென்று போகும். வால் குச்சிபோல் நீட்டியிருக்கும். இரண்டு கண்களும் ஒழுங்காக ஒரே பக்கம் பார்க்கும். (நிறம் மாறும் விஷயம் தனிக்கதை, அதையும் இங்கே நுழைத்தால் நானும் தடுமாறிவிடுவேன்.)

அதனிடம் இருந்த ஒரே குறை, யார் எது கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

மழைக்காலம் தொடங்கும் நேரம். புங்கமரத்துத் தையல்சிட்டு அதைத் தேடி ஓடிவந்தது. நிறம் அழகாயிருக்கிறதே என்று மஞ்சள் இலையில் கூடு தைத்திருந்தது அந்தச் சிட்டு. மஞ்சள் இலை என்பது உதிரப்போகிற இலை என்று முட்டையிட்ட பிறகுதான் அதற்கு உறைத்தது. கிளையின் மறுமுனையில், பச்சை இலையில், அவசரமாக வேறு கூடு தைத்தாயிற்று. மூன்று முட்டைகளையும் அங்கே சேர்க்க வேண்டும். தானே தூக்கலாமென்றால் அதன் அலகு ஊசி. தொட்டால் ஓடு பொத்தல்.

"இவ்வளவுதானே தங்கச்சி!" என்று பச்சோந்தி ஒரு முட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தது. சேர்த்தது. இரண்டாவதையும் சேர்த்தது. மூன்றாவதை எடுத்ததுமே பழைய கூடு காம்போடு கழன்று கீழே போயிற்று.

பாதி வழியில் கட்டெறும்புத் தலைவி மறித்தாள்.

"மாமோய்! நாங்க நூறு பேர். ஏழேழு பேரா வளைக்குள்ள போறோம். எல்லாரும் போனப்புறம்தான் மழைக்கு வாசலை அடைக்கணும். வெளியே எத்தனை பேர் மிச்சம்னு சொல்லிக்கிட்டே நடங்களேன். எங்களுக்குக் கணக்கு வராது."

"வேண்டாண்ணே!" என்று சிட்டு அலறியது. "தலையில என் பிள்ளை இருக்கு!"

"அட, நடக்கிறது கால். கணக்குப் போடுறது நாக்கு. நாக்கு சும்மாதானே கிடக்கு?"

முதல் ஏழு பேர் போனார்கள். "தொண்ணூற்று மூணு" என்றது பச்சோந்தி. நடை கொஞ்சம் மெதுவாயிற்று. "எண்பத்தாறு." அடி பாதியாகக் குறுகியது, முதுகு கட்டைபோல் விறைத்தது. "எழுபத்தொன்பது." உடம்பு இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு கண் கிளையை விட்டு எறும்பு வரிசைக்குத் திரும்பிவிட்டது.

"அப்புறம் மாமா?"

"எழுபத்து... எழுபத்து..."

தூக்கிய காலை எங்கே வைப்பது என்பது மறந்துபோயிற்று. பச்சோந்தி சறுக்கியது. குச்சிபோலிருந்த வால் பயத்தில் சுருண்டு ஒரு சுள்ளியைப் பிடித்துக்கொள்ள, அது தலைகீழாகத் தொங்கியது. முட்டை கீழே விழுந்துகொண்டிருந்தது. பச்சோந்தி நாக்கை வீசியது. அது அவ்வளவு நீளம் என்று அதற்கே அப்போதுதான் தெரியும். நாக்கு நுனியில் முட்டை ஒட்டிக்கொண்டு வாய்க்குள் வந்தது.

"மாமா, எழுபத்தொன்பதுக்கு அப்புறம்?" என்றாள் எறும்புத் தலைவி மறுபடியும்.

விடை அப்போது பார்த்துத்தான் பளிச்சென்று தெரிந்தது. வாய் துடித்தது.

"திறக்காதீங்கண்ணே!" என்றது சிட்டு. "திறந்தீங்க, என் பிள்ளை போச்சு!"

பிறந்ததிலிருந்து ஒரு கேள்வியையும் விட்டுவைக்காத பச்சோந்தி, ஒரு கண்ணால் எறும்பையும் மறு கண்ணால் சிட்டையும் பார்த்தபடி வாயை இறுக மூடிக்கொண்டது. அப்படியே ஊர்ந்துபோய் முட்டையைப் புதுக்கூட்டில் வைத்தது. திரும்பிப் பார்த்தால் மழை வந்துவிட்டது. எறும்புகள் குத்துமதிப்பாக வாசலை அடைத்திருந்தன.

முட்டை பொரிந்தது. ஆனால் அந்தக் கண்கள் பிறகு ஒன்றுசேரவே இல்லை. இன்றும் பச்சோந்தி காலைத் தூக்கியதும் முன்னே சாயும். கையில் வேறு வேலை ஏதும் இல்லையே என்று யோசித்துப் பின்னே சாயும். பலமுறை ஆடி உறுதி செய்துகொண்ட பிறகே காலை வைக்கும். வழியில் எதிர்ப்படும் ஒவ்வோர் எறும்பையும் இன்னோர் எறும்பு நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, எழுபத்தொன்பதுக்கு அப்புறம் என்னவென்று கேட்டுவிட்டுப் போவதும் அன்று முதல்தான்.